கிளம்பும் முன்பே ஒரு திட்டம்: திருநர் பாதுகாப்புக்கு

அடிப்பவர் துணைவரோ, பெற்ற குடும்பமோ, அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று முதலில் கணிப்பவர் வன்முறைக்கு ஆளான திருநங்கையோ திருநம்பியோதான். அந்தக் கணிப்பை யாரும் ‘பயம்’ என்று ஒதுக்கக் கூடாது.

கழுத்தை நெரித்தது ஒரே ஒரு முறை என்றாலும், உயிராபத்து மிக அதிகம் என்று பொருள். வெளியே தழும்பு தெரியாமலே உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மினாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவமனை. “கொன்றுவிடுவேன்” என்ற மிரட்டல், வீட்டில் ஆயுதம், பிரிந்து போகும் நேரம் ஆகியவையும் அபாய அறிகுறிகள்.

திருநர்களுக்கென்றே சில ஆயுதங்கள் பிரயோகிக்கப்படுகின்றன: “நீ திருநர் என்று ஆபீஸில் சொல்லிவிடுவேன்” என்ற மிரட்டல், ஹார்மோன் மாத்திரையை ஒளித்து வைப்பது, அடையாள அட்டையைப் பிடுங்குவது. எனவே ஆதார், திருநர் அடையாள அட்டை, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள், சில நாள் மருந்து, கொஞ்சம் பணம் எல்லாம் நம்பகமான தோழி வீட்டில் இருக்கட்டும். போனில் லொகேஷன் பகிர்வு ஓடுகிறதா என்று பார்க்கவும். ஆனால் திடீரென அணைத்தால் அடிப்பவருக்குச் சந்தேகம் வரலாம். தேடலுக்கும் அழைப்புக்கும் வேறொருவர் போனே நல்லது.

“சித்தி வந்தாச்சா?” என்று ரகசியக் குறியீடாக மெசேஜ் வந்தால் 112-ஐ அழைக்க வேண்டும் என்று தோழியிடம் முன்பே பேசி வைக்கலாம்.

திருநரை வீட்டைவிட்டுத் துரத்துவதும் 2019-ம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவில் குற்றமே. இலவச சட்ட உதவிக்கு 15100. தங்க இடமில்லாதவர்கள் திருநர்களுக்கான ‘கரிமா கிரஹ்’ தங்கும் இல்லங்களை விசாரிக்கலாம். இடம் காலியா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது அவசியம்.