தண்ணி குறைஞ்சா வீடு சாயும்!

நெதர்லாந்து என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டூலிப், சைக்கிள், அப்புறம் கால்வாய் ஓரத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒல்லியான செங்கல் வீடுகள். அந்த வீடுகளைத்தான் எல்லோரும் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் இன்ஜினியரிங் படிக்கிற நீங்கள் அங்கே போனால், கொஞ்சம் கீழேயும் யோசித்துப் பாருங்கள். விஷயமே அங்கேதான் இருக்கு.

ஆம்ஸ்டர்டாமின் மேல்மண் பாதி மக்கிய செடிகொடிகளும் கொழகொழ களிமண்ணும்தான். ஒரு கட்டடத்தைத் தாங்குகிற மணல் அடுக்கு வர சுமார் 12 மீட்டர் இறங்க வேண்டும். அதனால் அந்தக் காலத்திலேயே மரக் கம்பங்களை மணல் வரை அடித்து இறக்கி, அதன் மேல் வீடு கட்டினார்கள். சிவில் பசங்க பாஷையில் பைல் ஃபவுண்டேஷன். டாம் சதுக்கத்தில் 1648-ல் கட்டத் தொடங்கிய நகர மன்றம் (இப்போது அரண்மனை) 13,659 கம்பங்கள் மேல் நிற்கிறது. இதை ஞாபகம் வைக்க அங்கே ஒரு குறுக்குவழி உண்டு: வருஷத்துக்கு 365 நாள், முன்னால் 1, பின்னால் 9. நம்ம வைவாவுக்கு இப்படி எதுவும் கிடைக்க மாட்டேங்குது!

சரி, இத்தனை வருஷமா ஈரத்தில் கிடக்கிற மரம் ஏன் மக்கவில்லை? வேலிக்கு நட்ட கம்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மண் மட்டத்தை ஒட்டித்தான் முதலில் உளுத்துப் போகும். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேணும், ஆக்சிஜனும் வேணும். முழுசாகத் தண்ணீருக்குள் இருந்தால் ஆக்சிஜன் கிடையாது, பூஞ்சையும் வராது. (ஆனால் பைன் போன்ற மரங்களைச் சில பாக்டீரியாக்கள் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக அரிக்கும். அது தனித் தலைவலி.)

அப்படியானால் கால்வாயில் தண்ணீர் குறைந்தால்? பக்கத்து நிலத்தடி நீரும் இறங்கும், கம்பத்தின் தலை காற்றுக்கு வெளியே வரும், அழுகல் ஆரம்பிக்கும். அதிகமானால் அடித்தள அறைகளில் வெள்ளம். அதனால் நகரத்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் நீர்மட்டத்தை என்ஏபி என்ற குறியீட்டு மட்டத்துக்கு 40 செ.மீ. கீழே பிடித்து வைக்கிறார்கள். சர்வேயிங்கில் நாம் படித்த பெஞ்ச்மார்க் மாதிரிதான் என்ஏபி. மதகுகளும், கடலோரம் ஐமௌடனில் இருக்கும் பெரிய பம்ப் நிலையமும் இந்த வேலையைப் பார்க்கின்றன. 2018 வறட்சியில் நெதர்லாந்தின் பல ஊர்களில் வீட்டுக்காரர்களின் கவலையே இந்தக் கம்பங்கள்தான்.

கால்வாய்க் கரைச் சுவர்களுக்கும் அடியில் மரக் கம்பங்களே. கட்டியபோது கணக்கில் இருந்தது குதிரை வண்டி; இப்போது நிற்பது லாரி. 2020 செப்டம்பரில் கிரிம்பர்க்வால் கால்வாயின் கரைச் சுவர் ஒரு பகுதி அப்படியே தண்ணீருக்குள் சரிந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அன்று படகு நிறைய டூரிஸ்ட்டுகள் பக்கத்தில் இருந்திருந்தால் என்று யோசித்தாலே பகீர்னு இருக்கு. இப்போது நகரம் முழுக்க இந்தச் சுவர்களைச் சோதித்துப் பழுது பார்க்கிறார்கள்.

போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். தெருப் பக்கமாக முன்னால் சாய்ந்த வீட்டைப் பார்த்துப் பயப்படாதீங்க. பல வீடுகளில் அது வேணும்னே செய்தது. உச்சியில் ஒரு உத்தரமும் கொக்கியும் இருக்கும். கயிற்றில் சாமான் தூக்கும்போது சுவரில் இடிக்காமல் இருக்கத்தான் அந்தச் சாய்வு. பக்கவாட்டில் பக்கத்து வீட்டின் மேல் சாய்ந்திருந்தால்தான் அஸ்திவாரத்தைச் சந்தேகப்படணும். டெல்ஃப்டின் பழைய தேவாலயக் கோபுரமும் அடிமண் அமுங்கியதால் சாய்ந்ததுதான், உச்சியில் சுமார் 2 மீட்டர்!

எனக்கு மிகவும் பிடித்த டிசைன் உத்ரெக்ட் நகரத்துடையது. அங்கே கால்வாய் ஓரத்தில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு நடைமேடை. அதிலிருந்து தெருவுக்கு அடியில் குடைந்துகொண்டு போகும் இடைக்காலப் பாதாள அறைகள். படகில் வந்த சரக்கை நேராக வீட்டுக்குள் கொண்டுபோகக் கட்டியவை. இன்று பலவும் ஓட்டல்கள். காபி சொல்லிவிட்டு மேலே நிமிர்ந்து அந்தச் செங்கல் வளைவைப் பாருங்கள். அதுக்கு மேலேதான் ரோடு போகுது.