கேபிள் இழுக்கும் முன்

அன்புள்ள பேராசிரியருக்கு,

கல்லூரியின் பழைய வைஃபையை மாற்றும்போதே, கட்டடத்துக்குள் வழிகாட்டும் செயலியையும் சேர்த்துவிடலாமா, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். செயலி காத்திருக்கலாம். ஆனால் அது வரப்போகிறதா இல்லையா என்பதைக் கேபிள் இழுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இணையம் கிடைக்க, பக்கத்தில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் போதும். நிற்கும் இடம் தெரியவோ, குறைந்தது மூன்றின் சிக்னல் வேண்டும். அவை ஒரே கோட்டிலும் இருக்கக் கூடாது. வராந்தா நடுவில் வரிசையாக மாட்டிவிட்டுப் போவது ஒப்பந்ததாரருக்குச் சுலபம். அப்படி மாட்டினால் ஆள் இடப்பக்க அறையில் இருக்கிறாரா, வலப்பக்கத்திலா என்று கணக்குக்குப் பிடிபடாது. வகுப்பறைகளுக்குள்ளும் மூலைகளிலும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். அதற்காக எண்ணிக்கையைக் கூட்டினால் வேறு தலைவலி வரும்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். சில ஆக்சஸ் பாயின்ட்களில் 2.4-ஐ அணைத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸை நம்புவதே மேல்.

துல்லியத்தைப் பற்றி விற்பனையாளர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2000-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் ஒரு தளத்தில் மூன்று நிலையங்களை வைத்து, சிக்னல் வலிமையைக் கொண்டே இடம் கண்டார்கள். பாதி நேரம் பிழை 2 முதல் 3 மீட்டருக்குள் அடங்கியது. ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பதுகூட அளவை மாற்றியது, உடம்பே மறைப்பதால். வலிமைக்குப் பதில் அலை போய்வரும் நேரத்தை அளக்கும் முறை 2018-இல் ஆண்ட்ராய்டு 9-இல் வந்தது. நிலைமை சரியாக இருந்தால் 1, 2 மீட்டர் வரை கிடைக்கும். போன், ஆக்சஸ் பாயின்ட் இரண்டுக்கும் அந்த வசதி இருக்க வேண்டும், டெண்டரில் 802.11எம்சி என்று எழுதிக் கேளுங்கள். ஐபோனில் வெளியார் செயலிகள் சுற்றியுள்ள வைஃபை வலிமையைப் படிக்க ஆப்பிள் விடுவதில்லை. அதனால் ஐபோனுக்குப் புளூடூத் பீக்கன் தேவை. புளூடூத் உள்ளேயே அமைந்த ஆக்சஸ் பாயின்ட்களாக வாங்கினால் தனிச் செலவு குறையும்.

நிர்வாகம் இந்தச் செயலியை வருகைப் பதிவுக்கும் பயன்படுத்தலாமே என்று ஆசைப்படும். மறுத்துவிடுங்கள். யார் எங்கே இருந்தார் என்ற பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

செயலியின் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியவை சாய்தளமும் லிஃப்டும். லிஃப்ட் பழுதானால் அன்றே வரைபடத்தை மாற்றுபவர் யார் என்றும் பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். தளவாரியான வரைபடம் கையில் கிடைத்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.