களிமண் மனையும் பிளாஸ்டிக் துருவலும்

காரைக்கால் கோட்டுச்சேரிப் பக்கம் வீடு கட்டப்போகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: மனை முழுக்கக் களி. சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. ஐப்பசியில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிறது. பிளாஸ்டிக் கழிவைத் துருவி மண்ணோடு கலந்தால் களி இறுகிவிடும் என்று வீடியோவில் பார்த்திருக்கிறார். பழைய தண்ணீர் பாட்டில்கள் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. வானம் தோண்டிய மண்ணிலேயே கலந்து நிரப்பிவிட்டால் பைல் செலவு மிச்சமாகுமா?

வீட்டுக்கு அடியில் வேண்டாம். ரோட்டிலிருந்து வாசலுக்கு வரும் பாதைக்கு அடியில் செய்யலாம். அதையும் பாட்டிலை வைத்துச் செய்யாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்த வீடியோ சொல்வது பொய்யில்லை, பாதி மட்டுமே.

காரைக்கால் மண் ஒரே மாதிரி இல்லை. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற கடலோரக் குப்பங்களில் மணல். உள்ளே திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் வந்தால் அரசலாறும் அதன் கிளைகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும். களியில் இருக்கும் நுண்தகடுகள் தண்ணீரைத் தங்களுக்கு இடையில் இழுத்துக்கொண்டு உப்பும், காய்ந்தால் சுருங்கும். கடல் பக்கம் என்பதால் உப்புச் சத்தும் உண்டு. சோடியம் அதிகமான களி ஈரம் பட்டால் குழம்பாகக் கரையும். ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுவதால், இந்த உப்பலும் சுருங்கலும் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும். சுவரில் விழும் விரிசல்களைக் கொத்தனார் தலையில் கட்டுகிறோம். பல வீடுகளில் அவர்மேல் குற்றமே இல்லை.

ஆக, நோய்க்குக் காரணம் தண்ணீர். பிளாஸ்டிக்கோ தண்ணீரோடு எந்தச் சம்பந்தமும் வைத்துக்கொள்ளாத பொருள். களி உப்புவதற்குக் காரணமான வேதியியலை அது தொடவே தொடாது. மண்சுவருக்குச் சேறு மிதிக்கும்போது வைக்கோலை நறுக்கிப் போடுவார்களே, பிளாஸ்டிக் இழை செய்யும் வேலையும் அதுதான். வைக்கோல் சேற்றைக் கல்லாக்குவதில்லை, விரிசல் ஓடாமல் பிடித்துக்கொள்கிறது. மண் நழுவ முயலும் இடத்தில் இழை குறுக்கே கிடந்து, உராய்வால் இழுவையைத் தாங்குகிறது.

இந்த அளவில் பலன் உண்டு என்பதில் சந்தேகமில்லை. 2011-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சிவகுமார் பாபுவும் சௌக்ஸியும் தண்ணீர் பாட்டில் கழிவைச் சிறு விகிதத்தில் மண்ணில் கலந்து சோதித்து, வலிமை கூடுவதையும் அமுங்கும் தன்மை குறைவதையும் வெளியிட்டார்கள். உலகெங்கும் இப்படிப்பட்ட சோதனைகள் நிறைய நடந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் காய்ந்த மண்ணின் எடையில் கால் சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை கலந்தாலே பலன் தெரிகிறது. அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசி வழுக்கும், வலிமை இறங்கும். நிறையப் போட்டால் நிறைய உறுதி என்று நினைக்கும் மேஸ்திரியை முதலிலேயே தடுத்துவிடுங்கள்.

ஆனால் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஆய்வக அச்சுக்குள் நடந்தவை. கைப்பிடி மண்ணில் இழையைச் சீராகக் கலப்பது சுலபம். பத்து லோடு ஈரக்களியில் கலந்து பாருங்கள்: களி உருண்டையாகத் திரளும், இழை ஒரு மூலையில் பந்தாகச் சேரும். இழை பந்தாகச் சேர்ந்த இடம் உறுதியாகாது, இன்னும் பலவீனமாகும். வீட்டுக் கடைக்காலின் கீழ் அப்படி ஓர் இடம் போதும், ஒரு மூலை மட்டும் இறங்க. பாதை ஓரிடத்தில் இறங்கினால் கிராவல் கொட்டிக்கொள்ளலாம். வீடு இறங்கினால்?

களியின் உப்பலைக் குறைக்க நம்மிடம் பழைய பொருள் ஒன்று இருக்கிறது: சுண்ணாம்பு. அதிலிருக்கும் கால்சியம் களித்தகடுகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியேற்றி அந்த இடத்தைப் பிடிக்கிறது. சில மணி நேரத்திலேயே களி பிசுபிசுப்பு நீங்கிப் பொலபொலவென்று உதிரும். அடுத்த சில வாரங்களில் மெல்ல இறுகவும் செய்யும். எவ்வளவு போடுவது என்பதை ஆய்வகம் சொல்லும்: மண்ணின் பிஎச் 12.4 அளவை எட்டத் தேவையான சுண்ணாம்பே குறைந்தபட்சம். பொதுவாக 3 முதல் 6 சதவீதத்துக்குள் வரும். ஒரு குறை உண்டு. சுண்ணாம்பில் இறுகிய மண் முறுகலாக இருக்கும், பாரத்தில் சட்டென்று விரியும். பிளாஸ்டிக் இழைக்கு உண்மையான வேலை இங்கேதான். சுண்ணாம்பு உப்பலை அடக்க, இழை விரிசலைப் பிடிக்க, இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வைத்தியத்துக்கு அர்த்தம்.

பாட்டில் வேண்டாம் என்றதற்குக் காரணமும் அந்த 12.4 தான். தண்ணீர் பாட்டில் பெட் எனப்படும் பாலியஸ்டர். காரம் மிகுந்த ஈரத்தில் பாலியஸ்டர் சிறுகச் சிறுக அரிக்கப்படும். மண்ணை வலுப்படுத்தும் பாலியஸ்டர் வலைகளை அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாக வழிகாட்டிகள் பிஎச் 3 முதல் 9 வரையுள்ள மண்ணுக்கே பரிந்துரைக்கின்றன. சுண்ணாம்போ சிமென்டோ கலக்கும் மண்ணில் பாட்டில் இழையைப் போடுவது, போட்டதை நாமே அரிக்க விடுவதுதான். வீடியோ எடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லை.

அங்கே ஏற்றவை பாலிபுரோப்பிலீனும் எச்டிபிஇ-யும். சாக்கு, பிளாஸ்டிக் கயிறு, எண்ணெய் கேன் எல்லாம் இந்த வகை. கேனை மெல்லிய பட்டையாக நறுக்கலாம். என்னைக் கேட்டால் காரைக்காலில் இதைவிட நல்ல சரக்கு மீன்பிடிக் குப்பங்களில் கிழிந்து கிடக்கும் வலையும் கயிறும்தான். திரித்த நூல் என்பதால் மேற்பரப்பு சொரசொரப்பு, மண்ணைப் பிடிக்கும். பால் பாக்கெட் மெல்லியது, வழவழப்பானது, சுருண்டுகொள்ளும். பிவிசி குழாய்த் துண்டு, பிஸ்கட் உறை இரண்டையும் தொடவேண்டாம். வலையை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, காயவைத்து, இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். ஆய்வகத்தில் தேறிய பிறகே மண்ணில் இறங்குங்கள்.

கணக்கையும் போட்டுவிடுவோம். மூன்று மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் ஆழம் என்று பாதையை வைத்துக்கொண்டால் 18 கன மீட்டர் மண். இறுக்கிய பின் காய்ந்த எடை கன மீட்டருக்கு 1.6 டன் என்றால் சுமார் 29 டன். அதில் அரை சதவீதம் 144 கிலோ இழை. பாட்டிலாக இருந்தால், ஒன்று 25 கிராம் வீதம், ஏறக்குறைய ஆறாயிரம் பாட்டில் சேர்க்க வேண்டியிருக்கும். நான்கு சதவீதச் சுண்ணாம்பு ஒரு டன்னைத் தாண்டும். பிளாஸ்டிக் இலவசமாக வரலாம். அலசி நறுக்கும் கூலி, சுண்ணாம்பு விலை, ரோலர் வாடகை இலவசம் இல்லை. இவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகு நல்ல கிராவல் இரண்டு லோடு வாங்குவதே லாபம் என்று தெரிந்தால் அதையே செய்யுங்கள். எனக்கு வருத்தமில்லை.

செய்வதென்று முடிவானால் மாசி முதல் வைகாசி வரைதான் காலம். மேல்மண்ணை வழித்து ஒதுக்கிவிட்டு, டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டிக் களியை உழுது உடையுங்கள். சுண்ணாம்பைப் பரப்பி மறுபடி உழுது, லேசாகத் தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் போட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் களி பொலபொலப்பான பின்தான் இழையைத் தூவவேண்டும். வரிசையை மாற்றினால் ஈரக்களியில் இழை பந்தாகத் திரளும் என்று சொன்னேனே, அதுதான் நடக்கும். இறுக்கிய பின் 15 சென்டிமீட்டர் வருகிற மாதிரி இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ரோலர். திமிசுக்கட்டை போதாது. ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, மேலே கிராவலோ ஜல்லியோ போட்டு மூடுங்கள். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் பொசுக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் ஆளை இறக்காதீர்கள்.

மூடுவதைச் சொன்னது அழகுக்காக இல்லை. இது வாய்க்கால் தேசம். திறந்து கிடக்கும் பிளாஸ்டிக் துண்டு அடுத்த பெருமழையில் பக்கத்து வயலுக்குப் போகும், அங்கிருந்து வடிகால் வழியே கடலுக்கு. வெயிலில் நொறுங்கி நுண்துகளாகிவிட்டால் யாராலும் பொறுக்க முடியாது. வாய்க்கால் கரை, குளக்கரை, வெள்ளம் அறுக்கும் சரிவு ஆகிய இடங்களில் பிளாஸ்டிக் இழையைக் கலக்கவே கூடாது என்பது என் கருத்து. அங்கெல்லாம் தேங்காய் நார் விரிப்பு இருக்கிறது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் அதைப் பயன்படுத்த 2020-இல் ஒன்றிய அரசு அனுமதித்தது. நார் மக்குவதற்குள் மண் படிந்து செட்டாகிவிடும்.

வீட்டுக்கு வருவோம். முதலில் மண்ணின் குணத்தை நீங்களே ஓரளவு பார்க்கலாம். காய்ந்த களியைப் பொடித்துச் சலித்து, பத்துப் பத்து கிராம் இரண்டு அளவுக் குடுவைகளில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி உப்பாது. ஒரு நாள் கழித்து, தண்ணீர்க் குடுவையில் மண் 18 மில்லி, மண்ணெண்ணெய்க் குடுவையில் 10 மில்லி நின்றால் உப்பல் 80 சதவீதம். இந்தியத் தரவிதி ஐஎஸ் 1498 பார்வையில் 50-க்குக் கீழ் கவலை குறைவு, 50 முதல் 100 வரை எச்சரிக்கை, 100-ஐத் தாண்டினால் சிக்கல்.

எச்சரிக்கை எல்லைக்கு மேல் என்றால், ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைத் தாண்டிப் பாரத்தை இறக்குவதே வழி. அடியில் குமிழ்போல் அகலும் குமிழ் பைலும் மேலே கிரேடு பீமும் அதற்காகவே உருவானவை. ஆழமான உப்பல் களியில் பைல் 3.5 மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது ஐஎஸ் 2911. டெல்டாவில் தண்ணீர் மட்டம் மேலேயே இருப்பதால் குமிழ் வெட்டும்போது சுவர் சரியும், நடுவில் மணல் அடுக்கு வந்தால் இன்னும் மோசம். பென்டோனைட் குழம்பு ஊற்றித் தோண்டத் தெரிந்த ஆளா என்று கேட்டுவிட்டே வேலையைக் கொடுங்கள்.

கடைக்காலுக்கு அடியில் மணல் மெத்தை போட்டால் போதும் என்று சொல்வார்கள். மழைத் தண்ணீர் அந்த மணலில் தேங்கி, அடியில் உள்ள களிக்கு ஆண்டு முழுக்க ஊட்டும். பம்பாய் ஐஐடி பேராசிரியர் ஆர்.கே. கட்டி முன்வைத்தது வேறு: உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்கு இறுக்கிப் போடுவது. தரைத்தளத்துக்கு அடியில் இது நன்றாக வேலை செய்யும். கூடவே வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சரிவான சிமென்ட் தளம் போடுங்கள். கழிவுநீர்த் தொட்டி சுவரை ஒட்டி வேண்டாம், வேப்பங்கன்றும் வேண்டாம்.

பிளாஸ்டிக்கை எங்காவது ஒழித்தாக வேண்டும் என்பதுதான் கவலையானால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துருவலை உருக்கிப் பூசித் தார் கலக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-இலேயே அதற்கு வழிகாட்டி வெளியிட்டது. களிமண்ணுக்கு ஆகாத பால் பாக்கெட் அங்கே செல்லுபடியாகும். உருகி ஒட்டிவிடுவதால் தனித்துண்டாக வாய்க்காலுக்குப் போகும் வாய்ப்பும் குறைவு.

பாதைக்கு மண் சோதனை செய்யக் கொடுக்கும்போது மூன்று கலவை கேளுங்கள்: வெறும் களி, சுண்ணாம்புக் களி, சுண்ணாம்பும் இழையும் சேர்ந்தது. மூன்றுக்கும் நான்கு நாள் நீரில் ஊறவைத்த சிபிஆர், அதாவது மண்ணின் தாங்குதிறன் எண், வேண்டும், ஊறும்போது எத்தனை மில்லிமீட்டர் உப்பியது என்ற அளவும் வேண்டும். ஊறாத எண்ணைக் காட்டினால் ஏற்காதீர்கள், நம் ஊரில் அந்த எண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. மண்ணில் சல்பேட் எவ்வளவு என்றும் கேளுங்கள். அது மிகுந்திருந்தால் சுண்ணாம்பும் சிமென்டும் களியோடு சேர்ந்து புதிதாக உப்பும் படிகங்களை உண்டாக்கும், திட்டத்தையே கைவிட வேண்டிவரும். இத்தனை சோதனைக்கு ஒரு மூட்டை மண் போதாது, இரண்டு மூட்டையாவது வேண்டும். புல்வேர் இருக்கும் மேல்மண்ணை விட்டு, இரண்டடிக்குக் கீழிருந்து எடுத்து, மூட்டையில் ஆழத்தையும் தேதியையும் எழுதி அனுப்புங்கள்.