தரங்கம்பாடி ஏன் அமைதியாக இருக்கிறது?

சாந்தன்பாறையில் வளரும் பிள்ளைகளுக்குக் கடற்கரை நகரம் என்றால் கொச்சிதான். கப்பலும் கூட்டமும் இரைச்சலும் இருக்க வேண்டும். அதனால் சென்ற விடுமுறையில் தரங்கம்பாடிக்குப் போய், 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய நகர வாயிலைத் தாண்டிக் கடலை நோக்கி நடந்தபோது, என் பேரன் நின்றுவிட்டான்.

"தாத்தா, இன்னிக்கு இங்க ஹர்த்தாலா?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலை நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் நாட்டாருக்கு இங்கே வணிகம் செய்ய அனுமதி கொடுத்தார். தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அவர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. துறைமுகச் சுவர் எதுவும் இல்லை. கப்பல் தள்ளி நங்கூரமிடும். நம் ஆட்கள் அலையைத் தாண்டிப் படகில் சரக்கை ஏற்றி இறக்குவார்கள்.

1706இல் சீகன்பால்க் என்ற ஜெர்மன் பாதிரியார் வந்து இறங்கினார். தமிழ் படித்தார். தமிழில் அச்சடிக்க ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து ஈய எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அடித்தால் காகிதம் போதாது. உடனே பக்கத்திலுள்ள பொறையாறிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பட்டறையில் பழகியவன் என்பதால் எனக்கு இந்த எழுத்து வார்த்த வேலைதான் கோட்டையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. தமிழ் எழுத்தின் வளைவுகளை ஈயத்தில் சிறிதாக்குவது லேசான காரியமா? அதற்கும் முன்னால், 1578இலேயே, நாம் இருக்கும் இந்தக் கேரளத்தின் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சாகிவிட்டது என்பதையும் பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்படிப்பட்ட ஊர் ஏன் அடங்கியது? 1845இல் டென்மார்க், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. சில ஆண்டுகள் மாவட்டக் கலெக்டர் இங்கே இருந்தார். 1860இல் அந்த அலுவலகமும் தஞ்சாவூருக்குப் போனது. மறு வருடம், 1861இல், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. சரக்கு தண்டவாளம் இருக்கும் துறைக்குத்தான் போகும். தரங்கம்பாடியில் தண்டவாளம் இல்லை.

அது வந்தது 1920களில். மயிலாடுதுறையிலிருந்து ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாக ஒரு சின்ன மீட்டர் கேஜ் பாதை. அதற்குள் கப்பல்கள் போய்விட்டன. 1980களில் அந்த ரயிலும் நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிதில் அந்தப் பாதையில் டிராலியில் போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் நெல் வயல். மக்கிப்போன ஸ்லீப்பர் எத்தனை, மாற்ற வேண்டியது எத்தனை என்று குறித்துக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். என் கணக்கில் பிழையில்லை. ஆனாலும் ஒரு நாள், பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி, "ரயில நிறுத்திருவீங்களா சார்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

பேரனிடம் இதைச் சொன்னபோது, "போடிக்கு மட்டும் திரும்ப வந்துச்சே?" என்றான். உண்மைதான். 2010இல் அகலப்பாதைக்காக நிறுத்திய போடி ரயில், 2023இல் திரும்ப வந்தது. நம் ஏலத்தோட்டத்து மக்கள் பதின்மூன்று வருடம் காத்திருந்தார்கள். தரங்கம்பாடிக்காரர்கள் காத்திருப்பது அதைவிட மிக நீண்ட காலம்.

பார்க்க வருகிறவனுக்கு அமைதி இனிக்கிறது; அங்கேயே பிழைக்க வேண்டியவனுக்கு அப்படி இல்லை. மீனவர் தெருக்களில் 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியைப் பற்றிப் பேச்செடுத்தாலே குரல் மாறிவிடுகிறது.

மாலையில் மாசிலாமணிநாதர் கோவிலுக்குப் போனோம். குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது; இப்போது அலைக்கும் கோவிலுக்கும் நடுவே கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் திணறுவாள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும்தான். கோவில் பலகையை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். 'ணி'யில் சற்று நின்றாள். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. அலைச் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது.

போக விரும்புகிறவர்கள் போடியில் ரயிலேறி மதுரை, திருச்சி வழியாக மயிலாடுதுறை போய்விடலாம். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்தான்.