ஒரே இடம், இரு பொருள்: சி மொழியில் யூனியன்

பத்தாம் வகுப்பு மாணவி



சி என்னும் கணிப்பொறி மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1972ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கினார். அக்காலக் கணிப்பொறிகளின் நினைவகம் மிகச் சிறியது. ஓர் இடத்தையே பலவற்றுக்கும் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டியிருந்தது. அதற்கு உதவுவது யூனியன்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் முறுக்கையே எடுத்துக்கொள்வோம். அதை எண்ணியும் வாங்கலாம், நிறுத்தும் வாங்கலாம். எண்ணிக்கை முழு எண், ஆகவே இன்ட் வகை. எடை அரைக் கிலோ, ஒன்றேகால் கிலோ என்று வரும். அது ஃப்ளோட் வகை. ஒரு பில்லுக்கு இரண்டில் ஒன்று போதும். ஸ்ட்ரக்சரில் வைத்தால் இரண்டுக்குமாக 8 பைட் பிடிக்கும். யூனியனில் இரண்டும் அதே 4 பைட்டில் குடியிருக்கும்.

எண்ணிக்கைக்கு 5 என்று மதிப்பிடுகிறோம். பிறகு எடைக்கு 1.0 என்று மதிப்பிடுகிறோம். பழைய 5 அழிந்துவிடும். இப்போது எண்ணிக்கையைக் கேட்டால் என்ன வரும்? 5 வராது, 1 கூட வராது. 1,06,53,53,216 என்று வரும்! ஒரு கிலோ வாங்க வந்தவர் தலையில் நூற்றாறு கோடி முறுக்கு!

சாதாரணமாக ஓர் இன்ட் மாறிக்கு 1.75ஐ மதிப்பிட்டால், சி மொழி பின்னத்தை நீக்கி 1 என்று மாற்றித் தரும். யூனியனில் அந்த மாற்றம் நடப்பதில்லை. உள்ள பிட்டுகளை அப்படியே வேறு கண்ணாடி போட்டுப் படிக்கிறது. ஃப்ளோட்டில் 1 பிட் குறிக்கும், 8 பிட் அடுக்குக்கும், 23 பிட் பின்னத்துக்கும் உரியவை. அடுக்கோடு 127ஐக் கூட்டி எழுதுவது மரபு. 1.0க்கு அடுக்கு 0. எனவே அங்கே 127 இருக்கும். 2இன் 23ஆம் அடுக்கு 83,88,608. அதை 127ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்த நூற்றாறு கோடி கிடைக்கும். மாறாக 5ஐ எண்ணிக்கையில் எழுதி எடையாகப் படித்தால், பில்லில் 0.00 கிலோ என்று அச்சாகும். கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான்!

ஆகவே அனுபவமுள்ளவர்கள் யூனியனைத் தனியே விடுவதில்லை. அதை ஒரு ஸ்ட்ரக்சருக்குள் வைத்து, பக்கத்தில் 'வகை' என்று ஓர் உறுப்பையும் சேர்க்கிறார்கள். வகை 1 என்றால் எண்ணிக்கை, 2 என்றால் எடை. மதிப்பிடும்போதே வகையையும் எழுத வேண்டும். படிக்குமுன் அதைப் பார்க்க வேண்டும். அடுக்களை டப்பாவில் அம்மா சீட்டு ஒட்டுவது போலத்தான். சீட்டை மாற்ற மறந்தால் மொழி எச்சரிக்காது.

இந்தத் தொல்லை நம் தமிழுக்கும் நேர்ந்ததுண்டு. முன்பு ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒரே எண்ணுக்கு வெவ்வேறு எழுத்தை வைத்திருந்தது. ஒன்றில் தட்டச்சு செய்த கடிதம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும், 2010இல் யூனிகோடையும் ஏற்றது. யூனிகோடில் 'அ'வுக்கு உரிய எண் 2949. எந்த எழுத்துருவிலும் அது 'அ'தான். ஆனால் பழைய கோப்புகளைத் திறப்பவர், அவை எந்த முறையில் தட்டச்சானவை என்று இன்றும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் சீட்டு ஒட்டப்படவில்லை.