பைக்காரா சொல்லும் கணக்கு

மொட்டை மாடித் தூண்களில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்னாளில் வசதி வந்தால் மாடி கட்டலாம் என்பதற்கான ஏற்பாடு அது. இதற்காக அஸ்திவாரத்தை வலுவாகப் போட வேண்டும், செலவு கூடும். மாடி கட்டாமலே போனால் அந்தச் செலவு வீண்தானே? ‘அன்று’ என்கிறது கணிதம். எப்படி என்று காண்போம்.

கோவையின் தொழில் வளர்ச்சிக்கு உரமிட்டது நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் திட்டம். வேலை தொடங்கிய 1929-ல்தான் உலகப் பொருளாதார மந்தமும் தொடங்கியது. மின்சாரத்தை எத்தனை பேர் வாங்குவார்கள் என்று அப்போது யாரால் உறுதி கூற முடியும்? திட்டம் படிப்படியாகவே வளர்ந்தது. 1932-ல் சிங்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவையில் பஞ்சாலைகள் பெருகின, மின்தேவையும் பெருகியது. 1938-ல் முக்குருத்தி அணை நீர்ச் சேமிப்பைக் கூட்டியது. பின்னர் சிங்காராவில் இயந்திரங்களும் கூட்டப்பட்டன. அங்கிருந்து வெளியேறும் நீரைக் கொண்டே 1952-ல் மோயாறு மின்நிலையம் எழுந்தது.

இவ்வாறு வளர இடம் வைப்பதன் மதிப்பு என்ன? ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். தேவை பெருகினால் பெரிய மின்நிலையத்தின் வருமானம் 160 லட்சம் ரூபாய். பெருகாவிட்டால் எந்த நிலையத்துக்கும் 60 லட்சம்தான். இரண்டுக்கும் சம வாய்ப்பு.

முதல் திட்டம்: 100 லட்சத்தில் பெரிய நிலையத்தை உடனே கட்டுவது. தேவை பெருகினால் லாபம் 60. இல்லையேல் நஷ்டம் 40. சராசரி லாபம் 10 லட்சம்.

இரண்டாம் திட்டம்: 60 லட்சத்தில் சிறிய நிலையம், கூடுதல் இயந்திரங்களுக்கு இடமும் அஸ்திவாரமும் அமைக்க 5 லட்சம். தேவை பெருகினால் மட்டும் மேலும் 50 லட்சம் செலவிட்டு விரிவாக்குவது. அப்போது லாபம் 160 − 115 = 45. தேவை பெருகாவிட்டால் நஷ்டம் 5 மட்டுமே. சராசரி லாபம் 20 லட்சம்.

மொத்தச் செலவு 115 லட்சமாகியும் இரண்டாம் திட்டமே சிறந்தது. அந்த ஏற்பாட்டுக்கு 5 லட்சத்துக்குப் பதில் 15 லட்சம் ஆனால்தான் இரு திட்டங்களும் சமமாகும். ஆகவே, அந்த நெகிழ்வின் மதிப்பு 15 லட்சம்!

ஆனால், எப்போதும் இப்படியே என்று எண்ணிவிடாதீர்கள். தேவை பெருகும் வாய்ப்பு பத்தில் ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் திட்டத்தின் சராசரி லாபம் 50. இரண்டாவதன் லாபம் 40. இப்போது பெரிதாகக் கட்டுவதே நலம். எதிர்காலம் தெளிவாகத் தெரியும்போது நெகிழ்வின் மதிப்பு குறையும், தெரியாதபோது உயரும்.

அணை, சாலை, குடிநீர்க் குழாய் எதுவானாலும் செலவாவது மக்கள் பணம். வாய்ப்பு எந்த அளவு இருந்தால் இரண்டு திட்டங்களும் சமமாகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்!