டைனோ போனால் படமும் போகும்

ஹெரோகு கிளவுட் தளத்தில் ஆப் ஏற்றிவைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

கேள்வி: துணிக்கடை ஒன்றுக்கு ஆப் செய்து கொடுத்தேன். கடைக்காரர் புடவைப் படங்களை ஏற்றுகிறார், அன்று முழுக்கத் தெரிகின்றன. மறுநாள் பார்த்தால் ஒன்றுமில்லை. கோடில் எதையும் மாற்றவில்லை. யாராவது ஹேக் செய்கிறார்களா?
- திருப்பூர் வாசகர்

பதில்: ஹேக்கர் பாவம், அவரை விட்டுவிடுங்கள். உங்கள் ஆப் ஓடுவது டைனோ என்கிற கன்டெய்னருக்குள். அதை ஹெரோகு நாளுக்கு ஒரு தடவையாவது நிறுத்திவிட்டுப் புதிதாகக் கிளப்பும். நீங்கள் கோடை டெப்லாய் செய்தாலும், ஒரு செட்டிங்கை மாற்றினாலும் அதே கதைதான். புது டைனோவுக்குக் கிடைப்பது கடைசியாக டெப்லாய் ஆன கோடு மட்டுமே. பழையது தன் டிஸ்கில் எழுதிவைத்த எதுவும் அதற்கு வந்து சேராது. காலி செய்த லாட்ஜ் அறையில் மறுநாள் போய்ச் சட்டையைத் தேடுகிறீர்கள்.

கூட்டம் அதிகமாகி இரண்டு டைனோ ஓட்டினால் வேடிக்கை இன்னும் கூடும். ஒன்றில் ஏற்றிய படம் மற்றொன்றில் இருக்காது. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யச் செய்ய, புடவை வரும், போகும்.

படங்களை அமேசான் எஸ்3 போன்ற தனிச் சேமிப்பில் வையுங்கள். டேட்டாபேஸில் அவற்றின் முகவரி மட்டும் இருந்தால் போதும். முடிந்தால் படம் உங்கள் சர்வர் வழியாகவே போகவேண்டாம். சில நிமிடங்கள் மட்டும் செல்லுபடியாகும் கையொப்பமிட்ட முகவரியை ஆப் தயாரித்துக் கொடுக்கட்டும், பிரவுசர் நேராக எஸ்3க்கு அனுப்பட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாங்கோவில் ப்ராஜெக்ட் தொடங்கினால் டேட்டாபேஸ் தானாகவே எஸ்க்யூலைட்டாக அமையும். அதுவும் டிஸ்கில் இருக்கும் ஒரு ஃபைல்தான். படம் போனால் திரும்ப ஏற்றலாம். ஆர்டர்கள் போனால் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? இன்றே போஸ்ட்கிரெஸுக்கு மாறுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. ஹெரோகுவில் ஏற்றினால் ஒரு நிமிடத்தில் ஆர்10 என்று எரர் காட்டிச் செத்துப்போகிறது.
- மதுரை வாசகர்

பதில்: 3000 என்றோ 8000 என்றோ போர்ட் எண்ணை கோடிலேயே எழுதியிருப்பீர்கள். எந்தப் போர்ட்டில் கேட்கவேண்டும் என்பதை ஹெரோகுதான் முடிவுசெய்து 'போர்ட்' என்ற என்விரான்மென்ட் மாறியில் தரும். 60 விநாடிக்குள் ஆப் அந்தப் போர்ட்டைப் பிடிக்காவிட்டால் கதை முடிந்தது. லோக்கல்ஹோஸ்ட்டில் கேட்காமல் 0.0.0.0 முகவரியில் கேளுங்கள்.

கேள்வி: மாத அறிக்கையை பிடிஎஃப்பாக எடுக்கும்போது எச்12 எரர் வருகிறது. டைம்அவுட்டை எங்கே கூட்டுவது?
- கோவை வாசகர்

பதில்: எங்கேயும் கூட்ட முடியாது. டைனோவிடமிருந்து முதல் பைட் 30 விநாடிக்குள் வராவிட்டால் ஹெரோகுவின் ரவுட்டர் கதவைச் சாத்திவிடும். இதற்கு செட்டிங் கிடையாது. பலர் கவனிக்காத விஷயம், ரவுட்டர் கைவிட்டது உங்கள் கோடுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அறிக்கையைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். எரரைப் பார்த்தவர் பொறுமையிழந்து மறுபடி பட்டனைத் தட்டுவார். இப்போது இரண்டு அறிக்கை. நாலு தடவை தட்டினால் மொத்த ஆப்பும் படுத்துவிடும்.

வேலையைப் பின்னணிக்குத் தள்ளுங்கள். பட்டனைத் தட்டியதும் வேலை ரெடிஸ் வரிசையில் சேரட்டும், 'தயாராகிறது' என்று உடனே பதில் போகட்டும். தனி ஒர்க்கர் டைனோ அதை எடுத்து முடிக்கும். பைத்தான் என்றால் செலரி, ரூபி என்றால் சைட்கிக். ஒர்க்கருக்குத் தனிக் காசு உண்டு, மேலதிகாரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். செய்துமுடித்த பிடிஎஃப்பை எங்கே வைப்பது என்று கேட்காதீர்கள், திருப்பூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி: சென்னையிலிருந்து பார்த்தால் ஆப் ஆமை வேகம். டேட்டாபேஸையாவது பக்கத்தில் வைப்போம் என்று மும்பையில் வேறு நிறுவனத்திடம் வாங்கினேன். இன்னும் மோசமாகிவிட்டது.
- சென்னை வாசகர்

பதில்: ஆகத்தான் செய்யும். சாதாரணக் கணக்கில் ஹெரோகு ஆப்பை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோதான் ஓட்டலாம். நீங்கள் சொல்லாவிட்டால் அமெரிக்கா. மும்பை, சிங்கப்பூர் எல்லாம் பெரிய நிறுவனங்கள் வாங்கும் பிரைவேட் ஸ்பேஸில்தான். ஆப் ஓடும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் மும்பைக்கும் இடையே டேட்டா ஒருமுறை போய்வர ஏறக்குறைய 200 மில்லிவிநாடி ஆகும். பார்ப்பவர் ஒரு பக்கத்துக்கு ஓரிரு தடவைதான் கடல் தாண்டுகிறார். ஆனால் அந்தப் பக்கத்தைக் கட்ட உங்கள் ஆப் டேட்டாபேஸிடம் 40 கேள்வி கேட்டால், 40 முறையும் இப்போது கடல் தாண்டவேண்டும். 8 விநாடி அங்கேயே போயிற்று. ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே ஊரில் இருக்கட்டும். இந்தியப் பயனர்கள் மட்டும்தான் என்றால், இரண்டையும் மும்பையில் தருகிற வேறு தளத்துக்குப் போவதில் தப்பே இல்லை.

கேள்வி: ஹெரோகு இலவசமாக இருந்ததே?
- திருச்சி மாணவர்

பதில்: இருந்தது. 2022 நவம்பர் 28 முதல் இலவச டைனோக்களை நிறுத்தத் தொடங்கினார்கள். இப்போது மலிவானது மாதம் 5 டாலர் ஈக்கோ திட்டம், அதில் 1000 மணி நேரம். அரை மணி யாரும் வராவிட்டால் டைனோ தூங்கிவிடும், அடுத்து வருபவர் அது எழும்வரை காத்திருக்கவேண்டும். தூங்கவிடாமல் பிங் அடித்து எழுப்பிக்கொண்டே இருக்கும் தந்திரத்தை நண்பர்கள் சொல்லித் தருவார்கள். 31 நாள் மாதத்துக்கு 744 மணி. ஒரு ஆப் தாங்கும், இரண்டு தாங்காது. தூங்கவே கூடாது என்றால் 7 டாலர் பேசிக் டைனோ இருக்கிறது.

கேள்வி: எஸ்3 சாவியை கிட்ஹப்பில் தெரியாமல் போட்டுவிட்டேன். அடுத்த கமிட்டில் நீக்கிவிட்டேன். பிரச்சினை இல்லையே?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: இருக்கிறது. கிட்டின் வரலாற்றில் பழைய கமிட் அப்படியே இருக்கும். பொதுவில் வரும் சாவிகளைப் பொறுக்குவதற்கென்றே நிரல்கள் அலைகின்றன. முதல் வேலை, அந்தச் சாவியை அமேசான் கணக்கில் ரத்து செய்வது. வரலாற்றைச் சுத்தம் செய்வது அப்புறம். புதுச் சாவியை ஹெரோகுவின் கன்ஃபிக் மாறியில் போடுங்கள், கோடு அங்கிருந்து படிக்கட்டும். டேட்டாபேஸ் முகவரியையும் எங்கேயும் நகலெடுத்து வைக்காதீர்கள், பராமரிப்பின்போது ஹெரோகு அதை மாற்றக்கூடும்.

கேள்வி: காலை 6 மணிக்கு மெயில் அனுப்ப ஹெரோகு ஷெட்யூலரில் 6 என்று வைத்தேன். பகல் பதினொன்றரைக்குப் போகிறது.
- நாகர்கோவில் வாசகர்

பதில்: அது யுடிசி நேரம், நம்மைவிட ஐந்தரை மணி பின்னால். நள்ளிரவு 12.30 என்று வையுங்கள். இன்னொன்று, அந்த ஷெட்யூலர் அபூர்வமாக ஒரு தடவை விட்டுவிடும், அல்லது இரு தடவை ஓட்டிவிடும். இதை ஹெரோகுவே ஒப்புக்கொள்கிறது. அன்றைய மெயில் போய்விட்டதா என்று டேட்டாபேஸில் தேதியோடு குறித்துவைத்து, பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.